உருமின்: தவளைத் தோலில் கிடைத்த சுருள் வாள்

பர்கூரில் மழை விட்ட இரவு, ஜவுளிக் கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகு, தேங்கிய தண்ணீரிலிருந்து தவளைச் சத்தம் எழும்பும். அந்தச் சேற்றில் காலில் புண்ணோடு நாம் இறங்கினால் இரண்டு நாளில் சீழ் வைத்துவிடும். தவளையோ அங்கேயே பிறந்து அங்கேயே கிடக்கிறது. உடம்பில் செதில் இல்லை, மயிர் இல்லை. மூச்சில் ஒரு பங்கை ஈரத் தோல் வழியாகவே இழுக்கிறது. அந்தத் தோலை அழுகவிடாமல் காப்பது எது?

அமெரிக்காவில் ஆய்வாளர் மைக்கேல் சாஸ்லாஃபை இழுத்த கேள்வியும் இதுதான். ஆய்வுக்காக ஆப்பிரிக்கத் தவளைகளின் வயிற்றைக் கீறி, தைத்து, மறுபடி தொட்டித் தண்ணீரில் விடுவார். கிருமி நிறைந்த தண்ணீர். ஆனாலும் தையல் சுத்தமாக ஆறியது. தோலில் சுரக்கும் குட்டிப் புரதத் துண்டுகளே காரணம் என்று கண்டு 1987இல் வெளியிட்டார். பெப்டைடு எனப்படும் இவை, சில பத்து அமினோ அமிலங்கள் கோத்த சரங்கள். தான் கண்டதற்கு அவர் வைத்த பெயர் மெகைனின். எபிரேய மொழியில் கேடயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்தது.

கேடயத்துக்குத் துணையான வாள் நம் பக்கத்திலிருந்து வந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் சாதாரணமாகக் காணப்படும் ஒரு தவளை ஹைட்ரோஃபைலாக்ஸ் பஹுவிஸ்தாரா. பரவலாக இருப்பதால் பஹுவிஸ்தாரா. இத்தனை பரவலான உயிருக்குத் தனி இனம் என்ற அடையாளம் கிடைத்ததே 2015இல்தான். இன்னும் பெயர்கூடப் பெறாமல் எத்தனை உயிர்கள் நம் வயல் ஓரங்களில் இருக்கின்றனவோ என்ற நினைப்பு எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையமும், அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் ஜோஷி ஜேக்கப்பின் குழுவும் கைகோத்து, தவளையின் 32 பெப்டைடுகளை ஃப்ளூ வைரஸ்மீது சோதித்தன. நான்கு வேலை செய்தன. அவற்றில் மூன்று மனித ரத்த அணுக்களையும் சிதைத்தன. மிஞ்சியது ஒன்றே: 27 அமினோ அமிலச் சரம்.

ஃப்ளூ வைரஸின் மேல் முள்முள்ளாய் நிற்கும் புரதத்துக்குத் தலையும் தண்டும் உண்டு. தலை அடிக்கடி உருமாறும். தடுப்பூசியை ஆண்டுதோறும் மாற்றுவது அதனால்தான். தண்டு அவ்வளவாக மாறாது. இந்தச் சரம் தண்டைப் பற்றுகிறது, வைரஸ் சிதைந்துபோகிறது. மருந்துக்கு அடங்காத எச்1 வகை வைரஸ்களும் அதற்குத் தப்பவில்லை. மூக்கு வழியே இதைப் பெற்ற எலிகளில் பல சாவிலிருந்து பிழைத்தன. எச்3 வகையிடமோ இதன் வீச்சு செல்லவில்லை.

2017 ஏப்ரலில் 'இம்யூனிட்டி' இதழ் வழியே உலகம் அறிந்த அதன் பெயர் உருமின். களரியில் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் உருமியிலிருந்து வந்த பெயர். நம் சிலம்பக் கூடங்களில் அதுவே சுருள் வாள்.

வாள் இன்னும் மருந்துக் கடைக்கு வரவில்லை. உடம்புக்குள் போனதும் நம் நொதிகள் பெப்டைடுகளை நறுக்கிவிடும். அதற்குத் தாக்குப்பிடிக்க வைப்பதுதான் பெரும்பாடு. மெகைனினிலிருந்து உருவான புண் மருந்தையே 1999இல் அமெரிக்க அரசு ஏற்கவில்லை.

இத்தனைக்கும் தவளைகளை யாரும் கொல்லவில்லை. லேசான மின்தூண்டலில் தோல் கசிந்ததை வழித்துக்கொண்டு, அவற்றைத் திரும்பத் தண்ணீருக்கே விட்டார்கள்.