ஒரு சொல்லுக்குள் பெண் இருக்கிறாளா?

இலக்கணம் கற்பிப்பவனுக்கு ஒரு தொழில் நோய் உண்டு. எந்த வரலாற்றைப் படித்தாலும் அதில் ஒரு சொற்பொருள் வழக்கைத் தேடிக்கொண்டே இருப்பான். அவ்வாறு தேடியதில் அண்மையில் என் கையில் அகப்பட்டது, 1888ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க்கில் நடந்த ஒரு சபை மாநாட்டின் கதை. அமெரிக்காவின் மெதடிஸ்ட் எப்பிஸ்கப்பல் திருச்சபையினர் தங்கள் பொது மாநாட்டை நடத்த அவ்வாண்டு மெட்ரோபாலிட்டன் ஆப்பரா ஹவுஸ் என்னும் இசைநாடக அரங்கைத் தேர்ந்திருந்தனர். திறக்கப்பட்டு ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்த அந்த அரங்கில், ஏறக்குறைய ஒரு வாரம், நானூறுக்கும் மேற்பட்ட ஆடவர் கூடி ஒரே ஒரு சொல்லின் பொருளைப் பற்றி வாதாடினர். சொல் ‘லேமென்’. குருத்துவப் பட்டம் பெறாத சபையார் என்று பொருள். அச்சொல்லுக்குள் பெண்ணும் அடங்குவாளா, அடங்கமாட்டாளா என்பதே வழக்கு.

வழக்கின் பின்னணியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மெதடிஸ்டுகள் மாநாட்டால் ஆளப்படுகிறவர்கள். ஜான் வெஸ்லி 1744இல் தம் உடனுழைப்பாளர் சிலரை லண்டனில் கூட்டிவைத்துப் பேசியதில் தொடங்கிய வழக்கம் இது. அமெரிக்காவில் 1784இல் தனித் திருச்சபையாக அமைந்தபோது போதகர் அனைவரும் கூடலாம் என்றிருந்தது. நாடு விரிந்தது, குதிரைமேல் ஊர் ஊராகச் சுற்றும் போதகர் தொகையும் பெருகியது. எனவே 1808இல் ஒரு விதி செய்தனர். வட்டாரங்களின் ஆண்டு மாநாடுகள் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தனுப்ப, அப்பிரதிநிதிகள் நான்காண்டுக்கு ஒருமுறை பொது மாநாடாகக் கூடிச் சட்டம் செய்வர், பேராயர்களைத் தேர்ந்தெடுப்பர். 1812 முதல் இம்முறை நடைமுறைக்கு வந்தது. பேராயர் தலைமை தாங்குவாரேயன்றி அவருக்கு அங்கே வாக்கு இல்லை. சட்டம் செய்பவர் பிரதிநிதிகளே. எனவே பிரதிநிதியின் இருக்கை என்பது அலங்காரம் அன்று, அதிகாரம். 1844இல் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த பேராயர் ஜேம்ஸ் ஆண்ட்ரூவின் பணியை நிறுத்திவைக்கச் சொன்னதும் இத்தகைய பிரதிநிதிகளின் வாக்குத்தான். திருச்சபை வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிளந்தது அதன் பின்விளைவு.

ஆனால் அந்தப் பிரதிநிதிகள் எல்லாரும் போதகர்கள். காணிக்கை போடுகிற சபையாருக்கு இடமில்லை. நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு, 1869இல் சபையாரிடமே கருத்து வாக்கெடுப்பு நடத்தினார்கள். இங்கேதான் கதை சுவைபெறுகிறது. அந்த வாக்கெடுப்பில் பெண்களும் வாக்களிக்க அனுமதிக்கப்பட்டனர். நாட்டின் அரசியல் தேர்தல்களில் பெண்ணுக்கு வாக்கில்லாத காலம் அது! பெண்களின் வாக்கும் சேர்ந்துதான் சபையாருக்குக் கதவு திறந்தது. 1872இல் முதன்முறையாகச் சபையார் பிரதிநிதிகள் பொது மாநாட்டில் அமர்ந்தனர். ஆண்டு மாநாடு ஒன்றுக்கு இருவருக்கு மிகாமல். அவ்வாண்டே, இத்தேர்தல் தொடர்பான காரியங்களில் ‘லேமென்’ என்பது ஆண்டு மாநாட்டு உறுப்பினரல்லாத சபை உறுப்பினர் எல்லாரையும் குறிக்கும் என்று பொது மாநாடு விளக்கமும் தந்தது. எல்லாரையும் என்றால் எல்லாரையும்தானே? எட்டு ஆண்டுகள் கழித்து, 1880இல், இன்னொரு விளக்கம். சபைக் காரியதரிசிகள், வகுப்புத் தலைவர்கள், ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளர்கள் ஆகியோரைப் பற்றிய விதிகளில் வரும் ‘அவன்’, ‘அவனுடைய’, ‘அவனை’ என்னும் பெயர்ச்சொற்கள் பெண்களை விலக்குவனவாகக் கொள்ளப்படக் கூடாது என்றனர். ஒரு திருச்சபையின் உச்ச மன்றம் சுட்டுப்பெயரின் பாலைப் பற்றித் தீர்ப்புச் சொன்ன அந்த இடத்தைப் படித்தபோது, பால்பகாப் பெயர் நடத்திய எத்தனையோ பிற்பகல் வகுப்புகள் எனக்கு நினைவில் வந்தன.

அதே 1880இல், அதே மன்றம், அன்னா ஆலிவர், அன்னா ஹோவர்ட் ஷா என்னும் இரு பெண்களுக்குக் குருப்பட்டம் தர மறுத்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அதாவது வேலை செய்கிற இடத்தில் ‘அவன்’ என்றால் அவளும் உண்டு. பீடத்தில் இல்லை.

எனவே 1888 மாநாட்டுக்கு ஐந்து ஆண்டு மாநாடுகள் ஐந்து பெண்களைப் பிரதிநிதிகளாகத் தேர்ந்தனுப்பியபோது அவர்கள் சட்டத்தை மீறியதாக எண்ணவில்லை. சட்டத்தைப் படித்ததாகவே எண்ணினர். ராக் ரிவர் மாநாட்டிலிருந்து வந்தவர் பிரான்சஸ் வில்லார்ட். 1879 முதல் பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர், நாடறிந்த பேச்சாளர். மின்னசோட்டாவிலிருந்து மேரி நிந்த். நெப்ராஸ்காவிலிருந்து ஆஞ்ஜி நியூமன். யூட்டா பகுதியில் பலதார மணத்திலிருந்து வெளியேறும் பெண்களுக்குப் புகலிடம் அமைக்க உழைத்தவர். கான்சாசிலிருந்து அமாண்டா ரிப்பி. பிட்ஸ்பர்க்கிலிருந்து லிஸ்ஸி வான் கிர்க். இவர்களில் எவரும் தாமாகக் கதவைத் தட்டியவர் அல்லர். ஆடவர் பெரும்பான்மையாக இருந்த தேர்தல் கூட்டங்கள் இவர்களைத் தேர்ந்தன என்பதை மறந்துவிடக் கூடாது.

மாநாடு தொடங்கியதும் அவர்கள் பெயர்கள் பதிவேட்டில் ஏறவில்லை. தகுதியை ஆராய ஒரு குழு அமைந்தது. குழு, தகுதியில்லை என்று அறிக்கை தந்தது. பிறகு விவாதம். எதிர்த்தரப்பின் முதன்மையான குரல் ஜேம்ஸ் பக்லி. திருச்சபையின் செல்வாக்கு மிக்க வார இதழான ‘கிறிஸ்டியன் அட்வகேட்’டின் ஆசிரியர், வாதத்தில் வல்லவர். அவர் தரப்பின் வாதத்தை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அதில் ஒரு வலுவான இழை இருந்தது. சட்டத்தின் சொல்லுக்கு அதை இயற்றியவர்கள் கொண்ட பொருளே பொருள். 1868இலும் 1872இலும் வாக்களித்தவர்களில் எவரும் ஒரு பெண் இங்கே வந்து அமர்வாள் என்று எண்ணிக் கைதூக்கவில்லை. எனவே பெண்களைச் சேர்க்க வேண்டுமானால் சட்டத்தை முறைப்படி திருத்துங்கள், விளக்கம் என்ற பெயரில் மாற்றாதீர்கள் என்றனர். உரையாசிரியர்களோடு பழகிய நமக்கு இந்த வழக்கு புதிதன்று. நூலாசிரியன் கருத்தா, சூத்திரத்தின் சொல்லா என்று நாமும் நூற்றாண்டுகளாகச் சண்டையிட்டு வருகிறோம்.

ஆதரித்தவர்களின் விடையும் சொல்லைப் பற்றியதே. வாக்களிக்கும்போது ‘லேமென்’ என்பதில் பெண் உண்டு. காணிக்கைக் கணக்கில் உண்டு. உறுப்பினர் தொகையைச் சொல்லிப் பெருமைப்படும்போது உண்டு. அமர வரும்போது மட்டும் அதே சொல் சுருங்குமா? விதிநூலில் ‘அவன்’ என்று வரும் இடத்திலெல்லாம் அவளை விலக்கினால், பாவத்திற்கான தண்டனை விதிகளிலிருந்தும் அவளை விலக்க வேண்டுமே என்ற கேள்வியை எவரும் எழுப்பியிருக்கலாம். நானாக இருந்தால் எழுப்பியிருப்பேன்.

தமிழில் இச்சிக்கல் எழுந்திருக்காது என்று முதலில் மகிழ்ந்தேன். உயர்திணையில் ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்று வைத்த மொழி நம்முடையது. ‘சபையார்’ என்றால் ஆணும் பெண்ணும் அடக்கம். ‘அவர்’ என்றால் பாலே தெரியாது. கத்தோலிக்கர் வழங்கும் ‘பொதுநிலையினர்’ என்ற சொல்லும் அப்படித்தான். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பலர்பால் விகுதி இருந்ததனால் நம் அவைகளிலும் மன்றங்களிலும் பெண்கள் அமர்ந்துவிட்டார்களா என்ன? நம் கல்லூரிகளில் முதல்வர் இருக்கையில் பெண் அமர்ந்த பிறகும் விடுப்பு விண்ணப்பங்கள் ‘ஐயா’ என்றே தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். கதவில்லாத வீட்டிலும் வாசலில் நிற்கவைக்கலாம். ஆங்கிலம் பேசியவர்கள் குறைந்தது சொல்லில் மாட்டிக்கொண்டார்கள். அதனால் வெளிப்படையாக வாதாட வேண்டியதாயிற்று.

வாக்கெடுப்பு நடந்தது. போதகர்களில் 159 பேர் பெண்களுக்கு எதிராகவும் 122 பேர் ஆதரவாகவும் வாக்களித்தனர். சபையார் பிரதிநிதிகளில் எதிர்ப்பு 78, ஆதரவு 76. மொத்தம் 237க்கு 198. இந்த எண்களில் என் கண் நின்ற இடம் அந்த 78உம் 76உம்தான். பதினாறு ஆண்டுகளுக்கு முன்புவரை தாமே வாசலில் நின்றவர்கள். பெண்களின் வாக்கையும் ஏணியாகக் கொண்டு உள்ளே ஏறியவர்கள். அவர்களிடையே இரண்டு வாக்கு வேறுபாட்டில் ஏணி எடுக்கப்பட்டது. வில்லார்ட் அப்போது அரங்கில் இல்லை. தாயார் உடல்நலமின்றி இருப்பதாகத் தந்தி வந்து அவர் எவன்ஸ்டனுக்குத் திரும்பியிருந்தார்.

பிறகு நடந்தவற்றை விரைந்தே சொல்லலாம். வழக்கைச் சட்டத் திருத்தத்தின் பாதைக்கு அனுப்பினர். அதற்கு ஆண்டு மாநாட்டுப் போதகர்களில் நான்கில் மூன்று பங்கினர் இசைய வேண்டும். பாதிக்கு மேற்பட்டோர் இசைந்தும் அந்த அளவு எட்டவில்லை. 1896இல் கிளீவ்லாந்து மாநாட்டுக்கு மறுபடியும் சில பெண்கள் தேர்வாகினர், மறுபடியும் எதிர்ப்பு, அவர்கள் விலகிக்கொண்டனர். 1898இல் வில்லார்ட் இறந்தார். 1900இல் புதிய அமைப்புச் சட்டம் ஏற்கப்பட்டபோது ‘லேமென்’ என்பதை எடுத்துவிட்டு, ‘சபை உறுப்பினர்’ என்று பொருள்படும் பால்பகாத் தொடரை இட்டார்கள். அவ்வளவுதான். ஒரு சொல் போய் ஒரு சொல் வந்தது. 1904இல் லாஸ் ஏஞ்சலஸ் மாநாட்டில் 24 பெண்கள் பிரதிநிதிகளாக அமர்ந்தனர். தென்பகுதித் திருச்சபையில் இது நிகழ 1922 வரை ஆயிற்று. அங்கே இவ்வுரிமைக்காக முன்னின்று உழைத்த பெல் ஹாரிஸ் பென்னெட் அவ்வாண்டுப் பிரதிநிதியாகத் தேர்வானார், நோய் முற்றியிருந்ததால் போக முடியவில்லை, அவ்வாண்டிலேயே இறந்தார். போதகராக முழு உரிமை பெற 1956 வரை பெண்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னது அமெரிக்கர்களின் கதை. அது நம் பக்கம் தொடும் இடம் ஒன்றுண்டு. 1888 மாநாடு பெண்களை அனுப்பிவிட்டுச் செய்த பிற காரியங்களில் ஒன்று, இந்தியாவுக்கும் மலேசியாவுக்கும் ஜேம்ஸ் தோபர்னை மிஷனரிப் பேராயராகத் தேர்ந்தது. மற்றொன்று, டீக்கனஸ் என்னும் பெண் ஊழியர் நிலைக்குச் சபையின் அங்கீகாரம் அளித்தது. ஊழியம் செய்ய அங்கீகாரம்; சட்டம் செய்ய இல்லை! இந்த ஊழிய முறைக்காக அமெரிக்காவில் உழைத்தவர்களுள் ஒருவர் பேராயரின் தங்கை இசபெல்லா தோபர்ன். 1870இல் மருத்துவர் கிளாரா ஸ்வெயினோடு இந்தியா வந்து, லக்னோவில் சில சிறுமியரோடு தொடங்கிய பள்ளியைப் பெண்கள் கல்லூரியாக வளர்த்தவர். அவ்விருவரையும் அனுப்பியது 1869இல் பாஸ்டனில் பெண்களே தொடங்கி, பெண்களே பணம் திரட்டிய அயல்நாட்டு மிஷன் சங்கம்.

அச்சங்கத்தின் மின்னியாபொலிஸ் கிளையை நடத்தியவர்தான் நாம் மேலே பெயரளவில் கண்ட மேரி நிந்த். இங்கிலாந்தில் பிறந்து மின்னசோட்டாவில் வாழ்ந்தவர். எங்கள் குட்டிப் பேராயர் என்று சங்கத்துப் பெண்கள் அவரை அன்போடு அழைத்தனர். சிங்கப்பூரில் பெண்களுக்கான பணிக்கு ஆள் அனுப்ப வேண்டும், பணமில்லை என்ற பேச்சு சங்கத்தின் கூட்டத்தில் வந்தபோது, பனியில் உறைந்த தம் மாநிலம் பூமத்திய ரேகையில் ஒரு பணிக்களத்தை நட்டுத்தரும் என்று சொல்லி மூவாயிரம் டாலருக்கு உறுதி கொடுத்தவர் அவர். அந்தப் பணத்தின் வலுவில், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சோஃபியா பிளாக்மோர் 1887 ஜூலையில் சிங்கப்பூரில் இறங்கினார். அங்கிருந்த தமிழ் வணிகர் சிலர் தம் பெண்மக்களுக்குப் பள்ளி வேண்டும் என்று கேட்டனர். ஆகஸ்டு 15ஆம் நாள், ஷார்ட் தெருவில் ஒரு கடைவீட்டில், ஒன்பது தமிழ்ச் சிறுமியருடன் வகுப்புத் தொடங்கிற்று. தமிழ்ப் பெண்கள் பள்ளி என்பதே அதன் முதற்பெயர். இன்று மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி என்று வழங்குகிறது. அது நிற்கும் சாலைக்கு பிளாக்மோரின் பெயர்.

அந்த ஒன்பது சிறுமியரும் அரிச்சுவடியைத் தாண்டிச் சொற்களுக்கு வந்திருக்கக்கூடிய ஒன்பதாவது மாதத்தில்தான், நியூயார்க் அரங்கில், மேரி நிந்த் அச்சொல்லுக்குள் இல்லை என்று வாக்கெண்ணிச் சொன்னார்கள்.