ஜி.ஐ. பைப் எப்போது ஓய்வு கேட்கும்?

1837இல் ஸ்தனிஸ்லாஸ் சோரெல் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், இரும்பை உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்துத் துருவிலிருந்து காக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வழியில் வந்ததுதான் பழைய அடுக்குமாடிகளின் சுவருக்குள் இருக்கும் ஜி.ஐ. பைப். பி.வி.சி., சி.பி.வி.சி. குழாய்கள் பரவும்வரை அதுவே வழக்கம்.

துத்தநாகம் தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கிறது. எனவே அந்தக் காவலுக்கு ஒரு முடிவு உண்டு. பூச்சு தீர்ந்ததும் உட்புறம் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் தண்ணீர் வரும் வழி சுருங்கும்.

காலையில் முதலில் வரும் தண்ணீர் மட்டும் பழுப்பாக இருந்து பிறகு தெளிந்தால், உங்கள் வீட்டு பைப்பைச் சந்தேகியுங்கள். எல்லா வீட்டிலும் நாள் முழுக்கப் பழுப்பாக வந்தால், தொட்டியையும் பொதுக் குழாயையும் பார்க்க வேண்டும். மேல்தொட்டி நிறைந்திருந்தும் ஷவரில் தண்ணீர் நூல்போல விழுவதும், ஒரே பைப்பில் அடிக்கடி கசிவதும் மற்ற அறிகுறிகள்.

குளியலறை டைல்ஸ் மாற்றும்போது சுவரை எப்படியும் உடைப்போம். அப்போதே ஒரு துண்டு பைப்பை வெட்டி உள்ளே பாருங்கள். புது டைல்ஸுக்குப் பின்னால் பழைய பைப்பை விட்டுவைத்தால், அடுத்த கசிவு கீழ்வீட்டுக்காரரின் சீலிங்கில்தான் தெரியும்.