சடப்பொருளில் எழும் ஒழுங்கு

சடப்பொருள் பிறர் கைபடாது தானே ஒழுங்குறுமோ என்னும் வினா, உயிர்த்தோற்றம் ஆராய்வார்க்கு முதற்கண் எழுவதாம். புறத்தொடர்பற்று அடைபட்ட தொகுதி எதுவும் சிதைவு நோக்கியே செல்லும் என்பது வெப்பவியலின் இரண்டாம் விதி. உயிருடலோ சிதறிய அணுக்களைத் திரட்டி வளர்கின்றது. இம்முரண் நீங்கிய வரலாறு ஈண்டுச் சுருங்க உரைக்கப்படும்.

1951-ஆம் ஆண்டளவில், மாஸ்கோ நகரத்து இரசாயன நூல் வல்லார் பெலூசோவ் என்பவர், உயிரணுக்கள் உணவினின்று ஆற்றல் பெறும் முறையைக் கலமொன்றிற் காட்ட விரும்பினார். சிட்ரிக் அமிலம், பொட்டாசியம் புரோமேட், சீரியம் உப்பு என்னும் இவற்றைக் கந்தகத் திராவகத்தோடு கலந்தார். கலவை மஞ்சளாயிற்று, நிறமிழந்தது, மீண்டும் மஞ்சளாயிற்று. இங்ஙனம் காலவரை பிறழாது மாறிமாறி நின்றது. அதனை அவர் எழுதி விடுத்தபோது, இஃது இயலாதென்று பத்திரிகையார் மறுத்தனர். பின்னர் முயன்றும் பயனில்லை. 1959-இல், கதிரியக்க மருத்துவத் தொகுதியொன்றில் சிறு குறிப்பொன்றே வெளிவந்தது.

மறுத்தார் பிழை யாது? விதி பொய்யன்று, அதனைப் பொருத்திய முறையே வழு. மலையினின்று இழியும் ஆறு இடையிடையே சுழிக்கின்றது. சுழித்தலால் அது மேல்நோக்கி ஓடிற்றென்பார் இலர். அவ்வாறே அக்கலவையும் இறுதியமைதி நோக்கிச் செல்லும் வழியிலேயே அலைந்தது.

1961 முதல் ஜபோதின்ஸ்கி என்னும் இளைஞர் இதனை ஆராய்ந்து மெய்யென நாட்டினார். பிரசெல்ஸ் நகரத்துப் பிரிகோஜின், ஆற்றல் இடையறாது புகுந்து வெளியேறும் தொகுதிகளில், அமைதிநிலைக்கு நெடுந்தொலைவில், ஒழுங்கு தானே எழக்கூடும் என்று கணிதத்தால் விளக்கி, 1977-இல் நோபெல் பரிசு பெற்றார். விளக்குச்சுடர் எண்ணெயை உண்டு வெப்பத்தை விட்டு வடிவு குன்றாது நிற்கின்றது. எண்ணெய் அறின் அவியும். உயிருடலும் உணவுகொண்டு அங்ஙனமே நிற்பது. அது தன்னகத்தே பெறும் ஒழுங்கிற்கு ஈடாகப் புறத்தே சிதைவு மிகுதலின், விதிக்கு ஊறில்லை.

ஆயினும் ஒழுங்கே உயிரெனல் பொருந்தாது. நிறம் மாறுங் கலவை தன்னை யொப்பதொன்றைப் பெறுவதின்று. ஆற்றலோட்டம் உயிருடற்கு இன்றியமையாத் துணைக்காரணம் என்னும் அளவே இதனாற் பெறப்படும்.

பெலூசோவ் 1970-இல் மறைந்தார். 1980-இல் லெனின் பரிசு ஏனையோரோடு அவர்க்கும் உரியதாயிற்று. கலத்தை ஒருமுறை நோக்கியிருப்பின் மறுத்தார்க்கு ஐயம் தீர்ந்திருக்கும். காட்சியொடு மாறுகொள்ளும் கருதலை மீள ஆராய்தல் அளவைநூல் முறை. அம்முறை வழுவியதன் விலையை, கண்டவர் ஒருவரே தம் வாழ்நாள் முழுதும் செலுத்தினார்.