கையடக்கக் கணினியும் நம் பிள்ளைகளின் அறிவியலும்

சாலைக் கடைத்தெரு ராஜா கேசவதாசர் காலத்தில் அமைந்தது. திராசும் படிக்கல்லும் புழங்கும் இந்த ஊரில், விஞ்ஞானிகளின் அளவைக் கருவிகளுக்கும் பழைய உறவு உண்டு. 1837-ல் சுவாதித் திருநாள் மகாராஜா இங்கே வானாய்வுக்கூடம் நிறுவினார். அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட், ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்தவர். வியாபாரத்திலிருந்து வானியலுக்குப் போனவர் என்பதை நம்மவர் கவனிக்க வேண்டும்! பின் 1852-ல் வந்த ஜான் ஆலன் பிரௌன் பூமியின் காந்த சக்தியை அளந்தார். அகத்தியர் மலை உச்சியிலும் 1855-ல் ஓர் ஆய்வுக்கூடம் கட்டினார். காடு, மழை, யானை, காந்த ஊசிகளைச் சுமந்த கூலியாட்கள் என்று அது சும்மா வந்த அறிவு இல்லை.

அந்த அளவைக் கருவி பள்ளிப் பிள்ளையின் உள்ளங்கைக்கு வந்த கதை பெங்களூரில் தொடங்குகிறது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் நால்வரும் என்கோர் நிறுவனத்தினரும் சேர்ந்து 2001-ல் சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியைக் காட்டினார்கள. திரையைத் தொட்டு இயக்கலாம். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்குத் தமிழ், கன்னடம், இந்தியில் பேசிக் காட்டும். ஒரே கருவியைப் பலர் பகிரலாம், ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு போதும். ஏழைப் பள்ளிக்கு இதைவிட நல்ல யோசனை எது?

ஆனால் சரக்கு நகரவில்லை. 2004-ல் அமிடா சிம்ப்யூட்டர் 9,950 ரூபாயிலிருந்து விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்தின ஆண்டே ரிலையன்ஸ் 501 ரூபாய் கட்டினால் கைப்பேசி என்று விளம்பரம் செய்திருந்தது. விலையும் போச்சு, நேரமும் போச்சு. கடைக்காரன் பார்வையில் சொன்னால், நல்ல பொருளைச் செய்தவர்கள் அதை வாங்குகிறவனின் பையைப் பார்க்கவில்லை.

யோசனை மட்டும் அழியவில்லை. புது தில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையத்தில் அஜித் குமார் குழுவினர் எக்ஸ்ப்ஐஸ் என்ற சிறு பெட்டியைச் செய்தார்கள். கணினியிலோ கைப்பேசியிலோ இணைத்தால் மின்னழுத்தம், ஒலி அதிர்வு, ஊசல் ஆட்டம் எல்லாவற்றையும் அளக்கும். கேரளப் பள்ளிகளுக்கும் அது வந்தது. 2016-ல் ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலிக்குப் பெட்டிகூட வேண்டாம், கைப்பேசிக்குள் இருக்கும் உணரிகளே போதும்.

இனி வீட்டுக்கு வருவோம். பிரௌன் அளந்த அதே காந்தப் புலத்தை நம் பிள்ளை மொட்டைமாடியில் நின்று அளக்கலாம், சுமார் 40 மைக்ரோடெஸ்லா காட்டும். நம் ஊர் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் புலம் ஏறத்தாழக் கிடைமட்டமாகவே இருக்கும். தும்பாவில் 1963-ல் ராக்கெட் தளம் அமைந்த காரணமும் இந்த நடுக்கோடுதான். ஒரு மீட்டர் நூலில் கைப்பேசியைக் கட்டி ஆட்டினால் ஓர் ஆட்டத்துக்குச் சுமார் இரண்டு விநாடி. அதிலிருந்து புவியீர்ப்பு 9.78 என்று பிள்ளையே கணக்குப் போட்டுக்கொள்ளும். (கீழே மெத்தை போட்டுக்கொள்ளுங்கள்!)

ஒன்று மட்டும் உறுத்துகிறது. 2020 ஜூனில் பள்ளி மூடிக் கிடந்தபோது கைட் விக்டர்ஸ் மூலம் பாடம் நடந்தது, தமிழ் வழி மாணவருக்கும் பாடங்கள் தயாராயின. ஆனால் ஒரு கைப்பேசியும் மூன்று பிள்ளைகளும் உள்ள வீடுகள் நம் தெருக்களில் எத்தனை! அண்ணனுக்குப் பாடம் என்றால் தங்கைக்கு இல்லை. ஆளுக்கொரு அட்டையோடு ஒரே கருவியைப் பகிரும் ஏற்பாடு 2001-லேயே இருந்தது. அது அந்தத் தங்கைக்குக் கிடைக்கவில்லை.