எம்ஜிபி காரின் கதவும் சக்கரமும்: சாயம் பூசுமுன் செய்ய வேண்டிய வேலை

பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிக்க இறங்குபவர்கள் முதலில் பேசுவது இயந்திரத்தைப் பற்றி. அடுத்தது சாயத்தின் நிறம். கதவும் சக்கரமும் கடைசியில்தான் வரும். அனுபவமுள்ள பட்டறைக்காரர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்வார்கள். கதவு மூடும் விதத்தை வைத்தே உடற்கூடு நேராக இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். சக்கரத்தின் நடுவில் இருக்கும் தேய்மானமோ ஓடும் காரில் உயிருக்கே உலை வைக்கும். நல்ல சாயமும் கொஞ்சம் புட்டியும் இருந்தால் இரண்டையும் வாங்குபவர் கண்ணில் படாமல் மறைத்துவிடலாம் என்பதுதான் சிக்கல்.

இதைப் புரிந்துகொள்ள எம்ஜிபி நல்ல எடுத்துக்காட்டு. சிட் எனவர் தலைமையில் வடிவமைக்கப்பட்ட இந்தக் கார் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் தயாரானது. திறந்த கூரை, மூடிய கூரை இரண்டையும் சேர்த்து 500,000க்கும் அதிகமான கார்கள் விற்பனைக்குச் சென்றன. உதிரிபாகங்கள் இன்றும் எளிதில் கிடைக்கின்றன. அதன் உடற்கூட்டைப் பழைய அச்சுகளைக் கொண்டே மீண்டும் தயாரிக்கும் வேலையை பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988ல் தொடங்கியது. புதுப்பிக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள நினைக்கும் பலர் இந்தக் காரில் கைவைப்பதற்கு இதுவே காரணம்.

கதவு சொல்லும் உண்மை

எம்ஜிபிக்கு முன்பு வந்த எம்ஜிஏவின் திறந்த கூரைக் காரில் ஏற்றி இறக்கும் கண்ணாடி கிடையாது. வெளிப்புறக் கைப்பிடிகூடக் கிடையாது. எம்ஜிபியில் இரண்டும் வந்தன. கூடவே முன்பக்கம் சிறு முக்கோணக் கண்ணாடியும் வந்தது. கண்ணாடி, அதைத் தூக்கும் பொறி, பூட்டு எல்லாம் உள்ளே சேர்ந்ததால் கதவின் எடை கூடியது. மழைநீர் உள்ளே இறங்கும் வழிகளும் கூடின.

கண்ணாடியின் ஓரமாக நீர் கதவுக்குள் இறங்குவது கோளாறு அல்ல; அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அடியில் இருக்கும் சிறு துளைகள் வழியாக அது வெளியேற வேண்டும். தூசியும் இலைச் சருகும் அந்தத் துளைகளை அடைத்தால் நீர் தேங்கி, கதவின் அடிப்பகுதி உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும். வெளியே சாயம் கொப்பளிக்கும்போது உள்ளே தகடு ஏற்கெனவே காகிதம்போல் ஆகியிருக்கும். உள்பக்க அட்டைக்குப் பின்னால் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் விரிப்பைக் கழற்றியவர்கள் திரும்ப ஒட்டாமல் விட்டுவிடுவதும் உண்டு. அப்போது அட்டையும் ஊறி வளைந்துவிடும்.

எம்ஜிபிக்கென்றே பேர்போன இன்னொரு கோளாறும் இருக்கிறது. முக்கோணக் கண்ணாடிச் சட்டத்தின் பின்முனையை ஒட்டி, கதவின் மேல்விளிம்பிலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடுபோல் வெளித்தகடு பிளக்கும். கதவை மூடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சட்டம் ஆடி, தகட்டின் அதே இடத்தை அலைக்கழிப்பதால் வருவது இது. கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக் கதவை இழுத்து மூடும் பழக்கம் பிளவை விரைவாக்கும். பிளவின் மேல் வெல்டிங் மட்டும் வைத்தால் சில காலத்தில் மீண்டும் திறக்கும். உட்புறத்தில் சிறு தகடு சேர்த்து வலுவூட்டி, சட்டத்தின் பிடிமானங்களையும் ஆட்டமில்லாமல் இறுக்கினால்தான் அது நிற்கும்.

ஆனால் கதவைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு சோதனை இருக்கிறது. கார் தன் சக்கரங்களில் நிற்கும்போது கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை அது சீராக இருந்தால் நல்லது. மேலே குறுகி, கதவு பின்தூணில் உரசினால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது என்று பொருள்.

எம்ஜிபிக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடற்கூடே எடையைத் தாங்குகிறது. திறந்த கூரை மாடலில் மேலே பிடித்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. ஆகவே முன்பாதியையும் பின்பாதியையும் இணைத்து நிறுத்துவது பெரும்பாலும் கதவுகளுக்குக் கீழே இருபுறமும் ஓடும் சில் என்ற பெட்டிப் பகுதிதான். அது பல தகடுகள் சேர்ந்து ஆனது. வெளித்தகடு பளபளவென்று இருக்க, நடுத்தகடு துருவாகக் கொட்டிக் கிடப்பது சாதாரணம்.

இங்கேதான் பணம் பாழாகிறது. துருப்பிடித்த சில்லை அப்படியே வெட்டி எடுத்தால் கார் இன்னும் தொய்ந்துபோகும். அந்த நிலையில் புதிய சில்லை வெல்டிங் செய்தால் தொய்வு நிரந்தரமாகிவிடும். பிறகு எவ்வளவு விலை கொடுத்துப் புதிய கதவு வாங்கினாலும் பொருந்தாது. வெட்டுவதற்கு முன்பு கதவைப் பொருத்தி இடைவெளியைச் சரிபார்த்து, முன்தூணையும் பின்தூணையும் இரும்புக் குழாயால் இணைத்து வெல்டிங் செய்துவிட வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம். இடையிடையே கதவை மாட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்குவழி இல்லை.

வெளித்தகட்டை மாற்றும்போது

கதவின் உட்சட்டம் உறுதியாக இருந்து வெளித்தகடு மட்டும் அரித்திருந்தால் முழுக் கதவை வாங்க வேண்டியதில்லை. வெளித்தகடு தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கிறது. காரோடு வந்த சட்டம் அந்தக் கீல்களுக்கும் பூட்டுக்கும் பழகியது என்பதால் முடிந்தவரை அதைக் காப்பாற்றுவதே நல்லது. வேறொரு காரிலிருந்து பழைய கதவை வாங்குவோர் ஆண்டையும் கேட்க வேண்டும்: 1965 வாக்கில் இழுக்கும் கைப்பிடி போய், பொத்தானை அழுத்தும் கைப்பிடி வந்தது. பூட்டும் அதோடு மாறியது.

வெளித்தகட்டின் ஓரம் சட்டத்தின் விளிம்பைச் சுற்றி மடிக்கப்பட்டிருக்கும். அந்த மடிப்பின் முனையை மட்டும் அரவை இயந்திரத்தால் தேய்த்தால் தகடு இரண்டாகப் பிரியும். மேலே இருக்கும் சில வெல்டிங் புள்ளிகளை விடுவித்தால் முழுத்தகடும் கையோடு வந்துவிடும். சட்டத்தைத் துரு நீக்கி, துத்தநாகம் கலந்த அடிச்சாயம் பூசி, புதிய தகட்டைக் கவ்விகளால் பிடித்து வைக்க வேண்டும்.

இந்த இடத்தில் பொறுமை வேண்டும். மடிப்பதற்கு முன்பு, கவ்விகளோடு கதவைக் காரில் மாட்டி இடைவெளியையும் உடலின் வளைவையும் பார்ப்பது அவசியம். மடிக்காத தகடு தளர்வாக இருப்பதால் கதவைச் சற்று முறுக்கிச் சரிசெய்யலாம். விளிம்பை மடித்துவிட்டால் கதவு விறைத்துவிடும். முறுக்கலோடு மடித்த கதவு முறுக்கலோடுதான் இருக்கும். மடிக்கும்போதும் ஓரிடத்தில் ஓங்கி அடிக்காமல், விளிம்பு முழுவதும் சிறிது சிறிதாக, மூன்று நான்கு சுற்றுகளில் சாய்க்க வேண்டும். பின்னால் கனமான இரும்புக் கட்டையைத் தாங்கலாகப் பிடிக்காவிட்டால் வெளிமுகத்தில் வடு விழும்.

பழைய தகட்டையே வைத்துக்கொள்பவர்கள் சாயம் நீக்கும்போது கவனமாக இருக்க வேண்டும். கதவைப்போன்ற பெரிய, தட்டையான தகட்டில் கரடான மணலை வேகமாகப் பீய்ச்சினால் அது நெளிந்துவிடும். சாயம் நீக்கும் திரவமோ, சோடாத்தூள் பீய்ச்சுவதோ பாதுகாப்பானது. எல்லாம் முடிந்ததும் கதவின் உட்புறத்தில் துருத் தடுப்பு மெழுகு தெளிப்பார்கள். அந்த மெழுகே அடித்துளைகளை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

சக்கரம்: பளபளப்பை நம்பக்கூடாது

எம்ஜிபி மூன்று வகைச் சக்கரங்களோடு பரவலாக அறியப்பட்டது. தொடக்கத்தில் சாதாரண இரும்புத் தட்டுச் சக்கரம்; கூடுதல் விலைக்கு 60 ஸ்போக் கொண்ட கம்பிச் சக்கரம். தட்டுச் சக்கரத்தின் இடத்தைப் பின்னர் ரோஸ்டைல் என்ற அழுத்தி வார்த்த இரும்புச் சக்கரம் பிடித்தது. மூன்றுமே 14 அங்குலம். தட்டுச் சக்கரத்திலும் ரோஸ்டைலிலும் வேலை குறைவு: துரு நீக்கி, நெளிவு பார்த்து, சாயம் பூசினால் போதும். நட் உட்காரும் கூம்புக் குழிகளில் மட்டும் தடித்த சாயம் இருக்கக்கூடாது. ஓட ஓட அந்தச் சாயம் நசுங்கி நட் தளரும்.

கம்பிச் சக்கரம் வேறு கதை. பலர் ஆசைப்படுவதும் அதற்குத்தான், ஏமாறுவதும் அதில்தான். முதல் சோதனைக்கு ஒரு சிறு ஸ்பேனர் போதும். ஒவ்வொரு ஸ்போக்கையும் மெல்லத் தட்டினால் நல்லது மணிபோல் ஒலிக்கும். தளர்ந்ததும் உடைந்ததும் மந்தமாக ஒலிக்கும். ஒன்றிரண்டு தளர்ந்திருந்தால் இறுக்கலாம். பல தளர்ந்திருந்தால் சக்கரத்தைத் தாங்கியில் சுழலவிட்டு, பக்கவாட்டு ஆட்டத்தையும் மேல்கீழ் ஆட்டத்தையும் அளந்து மீண்டும் கட்டவேண்டும். அது கைதேர்ந்தவர் வேலை.

பெரிய ஆபத்து நடுவில் ஒளிந்திருக்கிறது. கம்பிச் சக்கரம் நான்கு நட்களில் நிற்பதில்லை. ஹப்பின் வெளிப்புறத்திலும் சக்கரத்தின் உட்புறத்திலும் இருக்கும் ஸ்ப்ளைன் எனப்படும் நீள்பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள, நடுவில் ஒரே ஒரு பெரிய நட் இறுக்கும். இயந்திரத்தின் விசையும் பிரேக்கின் விசையும் இந்தப் பற்கள் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகின்றன. நல்ல பல்லின் முனை தட்டையாக இருக்கும். தேய்ந்தது கத்திபோல் கூராகிவிடும். காரை ஜாக்கியில் தூக்கி, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க இன்னொருவர் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக் டக்' என்று கேட்கக்கூடாது. கேட்டால் சக்கரத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. தேய்ந்த ஹப்பில் மாட்டிய புதுச் சக்கரத்தின் பற்களும் விரைவில் தேயும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பற்கள் முழுவதும் மழுங்கினால் சக்கரம் கழலாமல் இருக்கும், ஆனால் பிரேக் அந்தச் சக்கரத்தை நிறுத்தாது.

நடு நட்டின் மரை காரின் இடப்பக்கத்தில் வழக்கமான வலமரை, வலப்பக்கத்தில் இடமரை. கார் முன்னோக்கி ஓடும்போது சக்கரம் எந்தப் பக்கம் சுழல்கிறதோ அந்தப் பக்கம் திருப்பினால் நட் கழல வேண்டும். ஓட்டத்தில் ஏற்படும் நுண்ணிய நகர்வு எதிர்த்திசையில் இருப்பதால், இந்த ஏற்பாட்டில் நட் தானாக இறுகிக்கொண்டே போகும். புதுப்பிக்கும்போது ஹப்களை இடம் வலமாக மாற்றி மாட்டிவிட்டால் இதே நகர்வு நட்டைக் கழற்றிவிடும். எல்லா ஹப்களையும் ஒரே நாளில் கழற்றி ஒரே பெட்டியில் போடுபவர்களுக்கு நேரும் தவறு இது. கழற்றும்போதே அட்டை கட்டி வைப்பது நல்லது. காது வைத்த பழைய நட்டுக்குச் செம்புச் சுத்தியல் வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளால் வந்த எண்கோண நட்டுக்கு அதற்குரிய ஸ்பேனர் உண்டு. மாட்டுமுன் பற்களில் கிரீஸ் தடவ வேண்டும். சிறிது தூரம் ஓட்டிய பின் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது வழக்கம்.

கம்பிச் சக்கரத்துக்குத் தடித்த பவுடர் பூச்சு அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்போக்கின் நட்கள் அதில் ஒட்டிக்கொண்டால் பிறகு இறுக்க முடியாது. கீறல் இருந்தாலும் தெரியாது. பற்களிலும் நட் உட்காரும் சரிவிலும் எந்தப் பூச்சும் படவே கூடாது.

ஸ்போக் முனைகள் ரிம்மைத் துளைத்து உள்ளே நிற்பதால் இந்தச் சக்கரத்துக்கு டியூப் தேவை. முனைகளை மழுங்கத் தேய்த்து, மேலே ரப்பர் பட்டை சுற்றிய பிறகே டியூப்பை வைக்க வேண்டும். புது டயரின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டைக்கூட உரித்துவிட வேண்டும். அது உரசியே டியூப்பை ஓட்டையாக்கும்.

நிற்கும் காருக்கும் வேலை உண்டு

சிங்கப்பூரில் குறைந்தது 35 ஆண்டுப் பழைமையான காரை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிந்தால், ஆண்டுக்கு அதிகபட்சம் 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். மீதி நாளெல்லாம் அது நின்றுகொண்டே இருக்கும். ஓடாத காரின் டயர் தேயாது, ஆனால் வயதாகும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23வது வாரம். பள்ளங்கள் புதிதுபோல் இருந்தாலும் பத்து ஆண்டு தாண்டிய டயரை மாற்றிவிடுவதே சரி.

நம் ஊர் ஈரப்பதத்தில், ரிம்மைச் சுற்றிய ரப்பர் பட்டைக்கு அடியில் ஸ்போக் முனைகள் சத்தமில்லாமல் துருப்பிடிக்கும். டயர் மாற்றும் நாளே அதைப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு. கதவுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. அடைமழை ஓய்ந்த மறுநாள், அடித்துளைகளில் ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.