தலைமைப் பண்பைக் கற்றுக்கொள்ள முடியுமா? ஒரு சிறு வரலாறு

"தலைவர்கள் பிறக்கிறார்களா, உருவாக்கப்படுகிறார்களா?" பி.காம். படிக்கும் எங்களுக்கு மேலாண்மைப் பாடத்தில் தவறாமல் வரும் கேள்வி இது. இதற்கு ஒரு நல்ல பதில் வணிக உலகத்துக்கு வெளியே, நடத்தைப் பகுப்பாய்வு என்ற துறையின் வரலாற்றில் இருக்கிறது.

ஒருவருடைய நடத்தைக்கு முன்னால் என்ன நடக்கிறது, பின்னால் என்ன கிடைக்கிறது என்று பார்த்து, அதை மாற்றி, நடத்தையையே மாற்றுவதுதான் இந்தத் துறை. இன்று ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பயிற்சியில் இதன் பெயர் அதிகம் அடிபடுகிறது.

செவிலியர்களின் கையில்

கனடாவின் வேபர்ன் நகர மனநல மருத்துவமனையில் டியோடொரோ அய்லான், ஜாக் மைக்கேல் என்ற இருவர் செய்த ஆய்வு 1959ல் வெளியானது. அங்கே ஒரு பெண் நோயாளி ஒரு நாளைக்குச் சராசரியாக 16 முறை செவிலியர் அறைக்குள் நுழைந்துகொண்டிருந்தார். வெளியே போகச் சொல்வதும் கையைப் பிடித்து அழைத்துச் செல்வதும் பலன் தரவில்லை. அந்தக் கவனிப்பையே நிறுத்தச் சொன்னார்கள் ஆய்வாளர்கள். சில வாரங்களில் எண்ணிக்கை இரண்டாகக் குறைந்தது!

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திட்டம் போட்டது ஆய்வாளர்கள், செய்து முடித்தது செவிலியர்கள். ஆக, நடத்தைப் பகுப்பாய்வாளரின் வேலை ஆரம்பத்திலிருந்தே பிறரை வழிநடத்தும் வேலைதான்.

தோற்றுப்போன நகல்

1967ல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம் லாரன்ஸ் நகரில் 'அச்சீவ்மென்ட் பிளேஸ்' என்ற இல்லம் தொடங்கப்பட்டது. சிறார் நீதிமன்றம் வரை போன பையன்கள் அங்கே தங்கினார்கள். எலரி பிலிப்ஸ், எலைன் பிலிப்ஸ் என்ற இளம் தம்பதி அவர்களுக்குப் பெற்றோர் போல இருந்தார்கள். நல்ல நடத்தைக்குப் புள்ளிகள் கிடைக்கும், தவறினால் குறையும். புள்ளிகளுக்குச் சலுகைகள் உண்டு. ஆய்வுக்குப் பின்னால் இருந்தவர் மாண்ட்ரோஸ் உல்ஃப்.

இல்லம் வெற்றி பெற்றது. அதே முறையில் இன்னொரு இல்லம் தொடங்கினார்கள். அது தோற்றது. புள்ளி முறை அப்படியே இருந்தும் ஏன் தோற்றது?

முதல் தம்பதியை மீண்டும் கூர்ந்து கவனித்தபோதுதான் விடை கிடைத்தது. அவர்கள் புள்ளிகளைக் கூட்டிக் கழித்ததோடு நிற்கவில்லை. செய்தது ஏன் தவறு என்று விளக்கினார்கள், சரியானதைச் செய்து காட்டினார்கள், பழக வைத்தார்கள், மனதாரப் பாராட்டினார்கள். அவர்களுக்கு இயல்பாக வந்ததால் யாரும் அதை எழுதி வைக்கவில்லை. நகல் எடுத்தபோது உயிர்நாடியே விடுபட்டுப் போனது.

பையன்களிடமே கேட்டார்கள்

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. "பெரியவர்கள் எப்படி நடந்தால் உங்களுக்குப் பிடிக்கும்?" என்று அந்தப் பிள்ளைகளிடமே கேட்டார்கள். அமைதியான குரல், உதவ முன்வருவது, நகைச்சுவை, நியாயம், காரணம் சொல்வது ஆகியவை பிடித்தவை. கத்துவது, குற்றம் சாட்டுவது, பேசவே விடாமல் இருப்பது பிடிக்காதவை. பிடித்தவற்றைப் பயிற்சியில் இருந்தவர்களுக்குக் கற்பித்தபோது பிள்ளைகள் அவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தந்தார்கள். இந்த ஆய்வு 1977ல் வெளியானது.

மறு ஆண்டு உல்ஃப் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் புகழ்பெற்றது. நம் இலக்கு மக்களுக்கு வேண்டியதா? நம் வழிமுறை அவர்களுக்கு ஏற்புடையதா? பலனில் அவர்களுக்குத் திருப்தியா? இந்த மூன்றையும் சம்பந்தப்பட்டவர்களிடமே கேட்க வேண்டும் என்றார்.

இன்று

1998ல் இத்துறைக்கெனச் சான்றிதழ் வாரியம் அமெரிக்காவில் உருவானது. 2014 முதல், குழந்தையோடு நேரடியாக அமர்ந்து வேலை செய்யும் உதவியாளர்களுக்கும் தனிச் சான்றிதழ் வந்தது. படித்து முடித்த இளம் பகுப்பாய்வாளர் முதல் நாளே சிலருக்கு மேற்பார்வையாளர் ஆகிவிடுகிறார். கூடவே பெற்றோரின் நம்பிக்கையையும் பெற வேண்டும். 2019ல் இத்துறையினரே பரிவு பற்றிக் கட்டுரை எழுதி, பெற்றோருடனான உறவில் கவனம் தேவை என்று வலியுறுத்தினார்கள். ஐம்பது ஆண்டுப் பழைய பாடம் மறுபடியும்!

தலைமை ஏதோ மாய சக்தி அல்ல. குரல், விளக்கம், பாராட்டு, பிறரைப் பேச விடுவது என்று அதைச் சிறு சிறு செயல்களாகப் பிரிக்கலாம். பிரித்தால் கற்பிக்கலாம், பழகலாம். நன்றாகச் செய்கிறோமா என்று மதிப்பெண் போடும் உரிமை மட்டும் தலைவருக்கு இல்லை. அது அவருக்குக் கீழே இருப்பவர்களுடையது.