பசி தீர்த்த கொக்கி ஊசி

பள்ளி விடுமுறை நெருங்குங்கால், பிள்ளைகளின் பொழுதைப் பயனுறக் கழிக்க எளிய கைவேலை ஏதேனும் உண்டோ எனப் பெற்றோர் ஆசிரியரை வினவுவது வழக்கம். அவ்வினாவிற்குக் கைவேலை ஆசிரியர்கள் நெடுங்காலமாகத் தந்துவரும் விடைகளுள் ஒன்று குரோஷே எனப்படும் கொக்கிப் பின்னல். அதற்கு ஓர் ஊசியும் ஓர் உருண்டை நூலும் போதும். ஊசியின் முனையில் சிறு கொக்கி இருக்கும். அக்கொக்கியால் நூலை ஒரு கண்ணியினூடே இழுத்தால் மறு கண்ணி பிறக்கும். அதனூடே இழுத்தால் மற்றொன்று பிறக்கும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை சிறிது நேரப் பயிற்சியிலேயே சங்கிலிப் பின்னலைக் கற்றுக்கொள்ளும். அன்று மாலையே தன் கைக்கு ஒரு நூல்காப்பும் பின்னி அணிந்துகொள்ளும். எளிமை, விரைவு, செலவுக் குறைவு ஆகிய மூன்று பண்புகளே இதனை விடுமுறைக் கைவேலையாக்கின.

ஆயின், இதே மூன்று பண்புகள் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் நூற்றாண்டுக்கு முன்னர், பசியால் மடிந்துகொண்டிருந்த ஒரு நாட்டின் குடும்பங்கள் பலவற்றுக்கு உணவளித்தன. இன்று பிள்ளைகள் பொழுதுபோக்காக ஏந்தும் இவ்வூசியை அன்று அந்நாட்டுப் பிள்ளைகள் உயிர் வாழ்வதற்காக ஏந்தினர். இவ்வரலாற்றை அறிந்து கற்பிக்கும் ஆசிரியருக்கும் அறியாது கற்பிக்கும் ஆசிரியருக்கும் இடையே வேறுபாடு உண்டு என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றம்

'குரோஷே' என்பது பிரெஞ்சுச் சொல். சிறு கொக்கி என்பது அதன் பொருள். மலாய்மொழியிலும் கொக்கிக்கும் இப்பின்னலுக்கும் 'காயிட்' என்னும் ஒரே அடிச்சொல் வழங்குவது ஒப்புநோக்கத்தக்கது. இவ்வாறு கருவியின் பெயரே தொழிலின் பெயராயிற்று.

இக்கலை மிகத் தொன்மையானது என்று பலர் எண்ணுவதுண்டு. நெசவும் கூடைமுடைதலும் தொன்மையானவையே. குரோஷேயின் நிலை வேறு. இதன் வரலாற்றை விரிவாக ஆராய்ந்த டென்மார்க் நாட்டு அறிஞர் லிஸ் பலூடன், 1800ஆம் ஆண்டுக்கு முன்னர் ஐரோப்பாவில் இது வழங்கியதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்றே முடிவு செய்தார். ஸ்காட்லாந்துப் பெண்மணி எலிசபெத் கிராண்ட், 1812ஆம் ஆண்டைப் பற்றிய தம் நினைவுக்குறிப்பில் 'ஆயர் பின்னல்' என ஒன்றைச் சுட்டுகிறார். இது கொக்கியால் பின்னும் எளிய முறை எனக் கருதப்படுகிறது. 'குரோஷே' என்னும் பெயரோடு செய்முறை அச்சேறியது 1823ஆம் ஆண்டில், 'பெனலோப்பே' என்னும் டச்சு இதழில். பட்டு நூலால் பின்னும் பணப்பைகள் அவ்விதழில் வண்ணப் படங்களுடன் வெளிவந்தன.

இப்பின்னல் பிறந்த விதத்தைப் பற்றி ஆய்வாளர் சிலர் கூறும் கருத்து நமக்கு ஆர்வமூட்டுவது. பறைபோல் இறுக்கிக் கட்டிய துணியின்மீது கொக்கி ஊசியால் நூலை இழுத்துச் சங்கிலித் தையலிடும் முறை ஆசிய நாடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. நம்மவர் 'ஆரி வேலை' என்று அறிந்திருப்பதும் அவ்வகையினதே. அத்தையலினின்று துணியை நீக்கிவிட்டு, நூற்சங்கிலியை மட்டும் தனியே பின்னத் தொடங்கியபோது குரோஷே பிறந்தது என்பது அவர்தம் கருத்து.

பஞ்சமும் பின்னலும்

1845ஆம் ஆண்டு அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு கொடிய நோய் தாக்கியது. அந்நாட்டு ஏழைக் குடியானவர்கள் பிறர் நிலத்தில் சிறு துண்டைக் குத்தகைக்கு எடுத்து, அதில் விளைந்த கிழங்கையே உண்டு வாழ்ந்தவர்கள். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பயிர் அழுகவே, கிழங்கும் இல்லை, குத்தகை கட்டப் பணமும் இல்லை என்றாயிற்று. 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 81 இலட்சத்தைக் கடந்திருந்த மக்கள்தொகை, 1851இல் ஏறத்தாழ 65 இலட்சமாகக் குறைந்தது. பத்து இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதற்குக் குறையாத எண்ணிக்கையினர் கப்பலேறி நாட்டை விட்டகன்றனர்.

இவ்விடுக்கண் சூழ்ந்த காலத்தில் கன்னிமார் மடங்களும், தேவாலயக் குருமாரின் மனைவியரும், வசதி படைத்த சில பெண்மணிகளும் ஏழைகளுக்குக் குரோஷே கற்பிக்க முற்பட்டனர். தெற்கே கார்க் நகரையடுத்த பிளாக்ராக் என்னுமிடத்திலிருந்த உர்சுலைன் மடம் இப்பணியில் முன்னோடிகளுள் ஒன்று. வடக்கே குளோன்ஸ் என்னும் சிற்றூருக்கு, 1847ஆம் ஆண்டு, பஞ்சம் உச்சத்திலிருந்த வேளையில், புதிய குருவின் மனைவியாக வந்து சேர்ந்தார் கசாண்ட்ரா ஹேண்ட். கில்டேர் மாவட்டத்தில் ஏற்கெனவே நடந்துவந்த ஒரு பின்னற்பள்ளியிலிருந்து ஆசிரியை ஒருவரை அவர் வரவழைத்தார். அவ்வாசிரியையிடம் கற்றவர் பிறருக்குக் கற்பித்தனர். அவ்வட்டாரமே பின்னற்கூடமாயிற்று. அவ்வூரின் பெயரால் 'குளோன்ஸ் முடிச்சு' என்னும் பின்னல்வகை இன்றளவும் வழங்கிவருகிறது.

சரிகைப் பின்னல்களுக்கு அக்காலத்தில் ஐரோப்பியச் செல்வரிடையே பெருமதிப்பு இருந்தது. அவற்றுள் ஊசிமுனைச் சரிகையும் கட்டைச் சரிகையும் கற்க ஆண்டுகள் பல வேண்டும். திண்டு, கட்டைகள், நல்ல வெளிச்சம், தூய்மையான இடம் ஆகியவையும் வேண்டும். பசித்த குடும்பம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க இயலுமா? குரோஷே அவ்வாறன்று. கொக்கி ஊசி வாங்கப் பணமில்லாதவர் உறுதியான கம்பியின் முனையை வளைத்து, மரப்பிடியில் செருகிக் கொண்டனர். புகை படிந்த குடிசையில் கணப்பின் அருகே அமர்ந்தும் பின்னலாம். அழுக்கேறினால் துவைத்து வெளுத்துக்கொள்ளலாம். பாதியில் நிறுத்திவிட்டு வேறு வேலை பார்த்தபின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வெனிசு நகரச் சரிகையின் தோற்றத்தை அதைவிடப் பன்மடங்கு விரைவாகப் பெறவும் முடிந்தது.

இவற்றினும் சிறந்த ஒரு பண்பு, வேலையைப் பகிர்ந்துகொள்ளும் வாய்ப்பு. ஒருவர் ரோசாப்பூ ஒன்றைப் பின்னுவார். மற்றொருவர் இலையைப் பின்னுவார். இன்னொருவர் அயர்லாந்தின் அடையாளமாகிய மூவிலைச் செடியைப் பின்னுவார். திறமை மிக்க ஒருத்தி அவற்றையெல்லாம் ஒரு சீலையின்மேல் பரப்பி வைத்து, இடைவெளிகளை வலைப்பின்னலால் இணைத்து முழுச் சரிகையாக்குவாள். ஆகவே, ஒரு பூ மட்டும் பின்னத் தெரிந்த சிறுமியும் வீட்டு வருவாய்க்குத் துணை நின்றாள். தாயும் மகளும் மட்டுமன்றித் தந்தையும் சிறுவரும் பின்னினர். சில குடும்பங்கள் தத்தம் பூவடிவங்களைப் பிறர் அறியாவண்ணம் மறைத்துக் காத்தன. அவ்வடிவமே அவர்தம் முதலீடு. பின்னிப் பெற்ற காசு குத்தகையாயிற்று, உணவாயிற்று, சிலருக்குக் கடல்கடந்து செல்லும் கப்பல் கட்டணமும் ஆயிற்று.

இவ்வளர்ச்சிக்கு அச்சு நூல்களும் துணைபுரிந்தன. ஐரிஷ் தாய்க்குப் பிறந்து இலண்டனில் வாழ்ந்த எலினோர் ரியேகோ டி லா பிராஞ்சார்தியேர் என்னும் பெண்மணி, 1840களில் தொடங்கி எழுபதுக்கும் மேற்பட்ட கைவேலை நூல்களை வெளியிட்டார். கார்க் நகரில் பெண்களுக்கான பயிற்சிக்கூடம் நடத்திய சுசானா மெரிடித், தம் பட்டறிவை 1865ஆம் ஆண்டு 'சரிகை பின்னுவோர்' என்னும் பொருள்படும் நூலாக எழுதினார். இத்தொழிலைப் பற்றி இன்று நாம் அறிவதற்கு இத்தகைய நூல்கள் பெரிதும் துணைபுரிகின்றன.

'ஓய்வு' என்னும் சொல்

காலப்போக்கில் கொக்கி ஊசி ஏழையின் குடிசையிலிருந்து செல்வர் இல்லத்துக் கூடத்திற்கும் சென்றது. விக்டோரியா அரசியாரே இதனைப் பழகினார். தென்னாப்பிரிக்கப் போரில் வீரம் காட்டியவர்களுக்கு அளிக்கவென, முதிர்ந்த வயதில், 1900ஆம் ஆண்டில், எட்டுக் கழுத்துத்துண்டுகளைத் தம் கையாலேயே பின்னினார். அரசியார் கையிலும் குடியானவச் சிறுமி கையிலும் இருந்தது ஒரே ஊசி. ஒருவர் பின்னியது ஓய்வு. மற்றவர் பின்னியது உழைப்பு.

இவ்வேறுபாட்டை மறைத்துவிடும் ஆற்றல் 'ஓய்வு நேரக் கைவேலை' என்னும் தொடருக்கு உண்டு. இதற்குச் சான்று ஆந்திர மாநிலத்தின் கோதாவரிக் கரையிலுள்ள நரசாபுரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறித்தவத் தொண்டர்கள் வழியாக அப்பகுதிக்குச் சென்ற சரிகைப் பின்னல் பெருந்தொழிலாக வளர்ந்து, அங்குப் பின்னிய பொருள்கள் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயின. செருமானியச் சமூகவியலறிஞர் மரியா மீஸ் அங்குத் தங்கி ஆராய்ந்து 1982ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய பெண்களை வணிகர்கள் தொழிலாளர் எனக் கருதவில்லை. அவர்கள் இல்லத்தரசிகள், ஓய்வு வேளையில் ஏதோ பின்னுகின்றனர் என்றே சொல்லப்பட்டது. அப்பெயராலேயே மிகக் குறைந்த கூலியும் நியாயமாகக் காட்டப்பட்டது. ஏற்றுமதியின் பெரும்பயன் வணிகருக்குச் சென்றது. ஊசி பிடித்தவருக்கு எஞ்சியது சிறிதே. 2024ஆம் ஆண்டில் நரசாபுரக் குரோஷேச் சரிகை புவிசார் குறியீடு பெற்றது மகிழ்ச்சிக்குரியது. எனினும், குறியீடு பொருளுக்குப் பெருமை சேர்க்கும். பின்னியவரின் உழைப்பை மதிக்கும் உள்ளம் வாங்குவோரிடமே பிறக்க வேண்டும்.

மற்றோர் உண்மையையும் ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். நெசவும் இரட்டை ஊசிப் பின்னலும் இயந்திரமயமாகிவிட்டன. குரோஷேயோ தொழிற்சாலை இயந்திரத்திற்கு இன்றுவரை எளிதில் வசப்படவில்லை. அங்காடியில் நாம் காணும் உண்மையான குரோஷேப் பொருள், மலிவு விலையில் தொங்கும் பையாயினும், யாரோ ஒருவர் தம் கையால் கண்ணி கண்ணியாகப் பின்னியதே.

வகுப்பறையில்

இனி, விடுமுறைக் கைவேலைக்கு வருவோம். முதலிற் கற்பிக்க வேண்டியது சங்கிலி. இருபது சென்டிமீட்டர் நீளச் சங்கிலி கைக்காப்பாகும். சற்று நீட்டிக் குஞ்சம் கட்டினால் புத்தகக் குறியாகும். மூன்று நிறச் சங்கிலிகளைச் சடையாகப் பின்னினால் தீபாவளிக்குத் தோழிக்கு அளிக்கும் பரிசாகும். தொடக்கநிலைப் பிள்ளைக்குச் சற்றுப் பருத்த நூலும் ஐந்து மில்லிமீட்டர் அளவுள்ள ஊசியும் ஏற்றவை; மெல்லிய நூல் கண்ணைச் சோர்வடையச் செய்யும்.

அடுத்தது வட்டம். மிகக் குட்டையான கண்ணிவகையில் முதற் சுற்றுக்கு ஆறு கண்ணிகள். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஆறு மிகுதியாக 12, 18, 24 எனக் கூட்டிச் சென்றால் தட்டையான வட்டம் உருவாகும். அது தேநீர்க் கோப்பைக்கு அடிவிரிப்பாகும். கூட்டாமல் பின்னினால் வட்டம் கிண்ணமாக எழும். அளவுக்குமேல் கூட்டினாலோ விளிம்பு கீரையிலைபோல் சுருண்டு அலையெழும். பிள்ளைகள் பிழையென்று எண்ணக்கூடிய அவ்வலையைக் கொண்டே, லாட்வியாவில் பிறந்த கணிதவியலார் டைனா டைமினா, 1997ஆம் ஆண்டு அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில், தாளில் வரைந்து காட்டுதற்கரிய அதிபரவளையத் தளத்தைக் கையால் தொட்டுணருமாறு பின்னிக் காட்டினார். கணித ஆசிரியரும் கைவேலை ஆசிரியரும் ஒரே வகுப்பில் கூடுவதற்கு இதனினும் நல்ல வாய்ப்பு அரிது.

மூன்றாவது, சதுரம். மிச்ச நூல்களால் பின்னும் பலநிறச் சதுரங்களை இணைத்துப் போர்வையாக்கும் முறை உலகெங்கும் பரவியுள்ளது. மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் ஒரு சதுரம் பின்னி வரட்டும். பள்ளி திறந்ததும் முப்பது சதுரங்களையும் இணைத்து ஒரு போர்வையாக்கி முதியோர் இல்லத்திற்கு வழங்கலாம். அயர்லாந்துக் குடிசைகளில் பூவும் இலையும் சேர்ந்து சரிகையான அதே முறைதான் இது. இதில் ஆண்பிள்ளைகளை ஒதுக்குதல் கூடாது. இது பெண்டிர்க்கே உரியது என்னும் எண்ணத்திற்கு வரலாற்றில் இடமில்லை என்பதை அயர்லாந்துத் தந்தையர் மெய்ப்பித்துள்ளனர்.

சதுரத்துடன் வரும் பிள்ளையிடம் ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இதைப் பின்ன உனக்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று?" அவ்விடையைக் கரும்பலகையில் எழுதச் செய்க. முப்பது பிள்ளைகளின் நேரத்தையும் கூட்டச் செய்க. பின்னர், அத்தகைய போர்வைக்கு என்ன விலை தகும் என்று அவர்களையே கணக்கிடச் சொல்க. மற்றவர் உழைப்பின் மதிப்பைத் தன் விரல்களின் களைப்பால் அறிந்த பிள்ளை, பின்னாளில் எந்தக் கைவினைஞரிடமும் அடிமாட்டு விலை பேசத் தயங்கும். விடுமுறைக் கைவேலை அத்தயக்கத்தைக் கற்பிக்குமாயின், அது கல்வியின் பயனை முழுமையாகத் தந்ததாகும்.